குரலை மட்டும் அனுப்பிய மென்பொருள்

எனக்குப் பயம் பிடிக்கப் பெரிய காரணம் தேவையில்லை. கணவர் கடலில் இருக்கும் ஒவ்வொரு காலையும் எனக்குப் போதுமான காரணம். அப்படிப்பட்டவளின் தலையில்தான் எங்கள் முதலாளி அந்த வேலையைக் கட்டினார். ஹோட்டலில் வேலை செய்கிற எல்லோரும் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள ஒரு மென்பொருளைத் தெரிவு செய்ய வேண்டுமாம்.

சண்டை முடிந்த பிறகு ஆலங்குடாக் கரையில் ஹோட்டல்கள் முளைத்தன. மீன் பிடித்தவர்களில் சிலர் வலையை ஒதுக்கிவைத்துவிட்டு, உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்றி டொல்பின் காட்டப் போனார்கள். என் கணவரும் அவர்களில் ஒருவர், ஒரு ஹோட்டலின் படகை ஓட்டுகிறார். நான் தில்லையடியில் வளர்ந்தவள். கல்யாணம் முடித்து இந்தப் பக்கம் வந்தபின் அதே ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் டைப் பண்ணத் தெரியும். ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த சான்றிதழ் வேறு இருந்தது. அந்தச் சான்றிதழை யாருக்கும் காட்டாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அதுவரை எங்கள் எல்லோருக்கும் போனில் ஒரே ஒரு குரூப்தான். ஆறாம் இலக்க அறையில் குளித்துத் துடைக்கத் துவாய் இல்லை என்பதும் அதில்தான் வரும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ வாழ்த்தும் அதில்தான் வரும், யாரோ ஒருவரின் மகளுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டிய படமும் அதில்தான் வரும். படகு விஷயம் மட்டும் தனி. கரையில் படகுகளுக்குப் பொறுப்பாக இருந்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவோம். முதல் படகு ஆழக் கடலுக்குப் போனதும், ஓட்டுகிறவர் காக்காவின் போனுக்கு நேராகக் குரல் செய்தி அனுப்புவார். காக்கா அதைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு இரண்டாவது படகை அனுப்புவார், இல்லையென்றால் விருந்தாளிகளுக்கு இன்னொரு தேத்தண்ணி கொடுக்கச் சொல்வார். ஏன் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை சமையலறையில் வேலை செய்தவரின் மாமா மௌத்தாகிவிட்டார். காக்கா அந்த மையித்து வீட்டுக்குப் போயிருந்தார். செய்தி குரூப்பில் விழுந்ததும், மரணத்தைக் கேட்டால் சொல்லும் "இன்னாலில்லாஹி" வரத் தொடங்கியது. எங்கள் ஆட்களிடம் மௌத்துச் செய்திக்கு ஒருவர் எல்லோருக்குமாகச் சொன்னால் போதாது. ஒவ்வொருவரும் தன் பெயரில் சொல்ல வேண்டும், சொல்லாதவரைச் சொந்தக்காரர் ஞாபகம் வைத்துக்கொள்வார். சிங்களப் பிள்ளைகள் கைகூப்பும் படங்களைப் போட்டார்கள். அந்த வரிசையின் நடுவில் ஒரு படகுக்காரரின் குரலும் கிடந்தது. காக்காவைப் பிடிக்க முடியாததால் குரூப்பில் போட்டிருக்கிறார். என்ஜின் கொஞ்சம் வேலை காட்டுகிறது, யாராவது வந்தால் நல்லம் என்றிருந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் இன்னாலில்லாஹி போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். நான்கு விருந்தாளிகளோடு அந்தப் படகு வெயிலில் மிதந்து, கடைசியில் ஒரு மீன்பிடிப் படகு இழுத்து வந்து சேர்த்தது.

அது என் கணவரின் படகு இல்லை. ஆனால் அதுவாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்குள் புகுந்துவிட்டது. முதலாளி கொழும்பிலிருந்து போன் எடுத்துச் சத்தம் போட்டார். இனி எல்லாம் ஒழுங்காக, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் குரூப் உள்ள ஒரு மென்பொருளில் நடக்க வேண்டும், யாரும் யாருக்கும் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, மூன்று வாரத்தில் நல்லதாக ஒன்றைப் பார்த்துச் சொல் என்றார். பார்த்துச் சொல் என்றால், பிழை வந்தால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். அது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

முதலில் பார்த்தது ஈமெயில் முகவரி கேட்டது. படகுக்காரர் ஒருவருக்கும் ஈமெயில் இல்லை. அவர்களை வரிசையாக உட்காரவைத்து நானே திறந்து கொடுத்தேன். பிறந்த திகதி கேட்டபோது மூன்று பேர் ஜனவரி முதலாம் திகதி என்றார்கள். இடம்பெயர்ந்த காலத்தில் பத்திரங்கள் போனபின் யாரோ ஒரு உத்தியோகத்தர் எழுதிவிட்ட திகதி அது. மென்பொருள் அதை நம்பிவிட்டது. ஆனால் கடவுச்சொல்லை மறுநாளே மூவரும் மறந்துவிட்டார்கள். இரண்டாவது மென்பொருள் முழுக்க இங்கிலீஷ். அதில் சமையல்காரர் தெரியாமல் தன்னையே குரூப்பிலிருந்து வெளியேற்றிவிட்டு, வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள் என்று நினைத்து என்னிடம் முகம் வாடி வந்து நின்றார்.

மூன்றாவதைக் கண்டதும்தான் மூச்சு வந்தது. தமிழும் சிங்களமும் இருந்தன. அறைகளுக்கு, சமையலறைக்கு, படகுக்கு என்று தனித்தனிக் குரூப் திறக்கலாம், திறந்தவள் என்று என் பெயர் எல்லாவற்றிலும் மேலே நிற்கும். யார் செய்தியைக் கேட்டார், யார் கேட்கவில்லை என்று பெயருக்குப் பக்கத்தில் காட்டும். எல்லாவற்றையும்விட, குரல் செய்தியில் பின்னால் வரும் இரைச்சலை அதுவே துடைத்துவிடும். என் கணவர் ஓடும் படகிலிருந்து ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது. முதலாளிக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கெட்டிக்காரி என்றார். வாழ்க்கையில் அந்தச் சொல்லுக்கு நான் அப்படி ஏங்கியிருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது.

காக்கா மட்டும் அதே செய்தியை மூன்று தரம் கேட்டார்.

"இதுல காத்தக் காணல்லயே தங்கச்சி" என்றார்.

அதுதான் இதன் விசேஷம் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினார். படகுக்காரன் எந்த நாளும் கடல் மோசம் என்று வாயால் சொல்ல மாட்டான். முன்னால் விருந்தாளிகள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் பயந்துவிடக் கூடாது. அதோடு கடலில் நின்றுகொண்டு கடலைக் குறை சொல்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. எப்போதும் அல்ஹம்துலில்லாஹ், நல்லம் என்றுதான் சொல்வான். அதனால் காக்கா அந்தச் சொல்லைக் கேட்பதில்லையாம், சொல்லுக்குப் பின்னால் காற்று எப்படி அடிக்கிறது, என்ஜின் எப்படித் திணறுகிறது, தண்ணீர் பலகையில் எப்படி விழுகிறது என்பதைத்தான் கேட்பதாகச் சொன்னார். மென்பொருள் கம்பனிக்காரரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்கவில்லை. முதலாளி சரி என்று சொல்லியாகிவிட்டது, எல்லோருக்கும் பழக்கிக் கொடுத்தாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை. அதுதான் உண்மை.

இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. காற்று மேற்குப் பக்கம் திரும்பத் தொடங்கும் பருவம் அது, டொல்பின் ஓட்டம் முடியப்போகும் நாட்கள். ஒரு காலை என் கணவர் ஆறு பேரோடு முதலில் போனார். இரண்டாவது படகுக்கு ஒரு குடும்பம் காத்திருந்தது. தாய், தகப்பன், இரண்டு சின்னப் பிள்ளைகள். பாதுகாப்பு அங்கியை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் மணலில் குதித்தார்கள். படகுக் குரூப்பில் என் கணவரின் குரல் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ், நல்லம். டொல்பின் நிக்குது." காக்கா கேட்டார். திரும்பவும் கேட்டார். கரையில் காற்று இல்லை, ஆனால் எங்கள் கரையை நம்பி வெளிக் கடலைச் சொல்ல முடியாது. அவர் வரவேற்பு மேசைக்கு வந்து போனை என் முன்னால் வைத்தார்.

"ஒங்கட ஆள்ட குரல். நீங்க என்ன சொல்றீங்க?"

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இன்னொருவரிடம் கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொன்னால் என் மென்பொருள் பிழை என்றாகிவிடும். குரல் தெளிவாக இருக்கிறது, நல்லம் என்றுதானே சொல்கிறார், அனுப்பலாம் என்றேன். படகு போனது.

அரை மணித்தியாலம் கழித்துத் தென்னை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. விருந்தாளிகளின் மேசைவிரிப்புகள் பறந்தன. காக்கா கரைக்கு ஓடினார். நான் படகுக் குரூப்பில் எழுதினேன், திரும்பி வாருங்கள் என்று. குரலில் அனுப்பினேன். மறுபடி அனுப்பினேன். இரண்டு படகுக்காரர்களின் பெயருக்குப் பக்கத்திலும் இன்னும் கேட்கவில்லை என்று காட்டியது. யார் கேட்கவில்லை என்று காட்டுகிற அந்த வசதியை நான்தான் முதலாளியிடம் புகழ்ந்திருந்தேன். ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். என் கணவருக்காக ஓதுகிறேனா, அந்தப் பிள்ளைகளுக்காகவா, என் பெயருக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. அதை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு படகும் எங்கள் கரைக்கு வரவில்லை. ஒரு மைல் வடக்கே போய்க் கரையேறியிருந்தன. இரண்டாவது படகு காற்றில் புரளாமல் இருக்க, என் கணவர் தன் படகைக் காற்று வரும் பக்கத்தில் வைத்து, கடைசிவரை அதோடு ஒட்டியே வந்திருக்கிறார். எல்லோரும் தப்பினார்கள். சின்னப் பிள்ளை தாயின் கழுத்தை விடவில்லை. அந்தத் தாய் என்னைக் கடந்து போனபோது ஏசுவாள் என்று நின்றேன். அவள் நேராக அறைக்குப் போய்ச் சாமான்களைக் கட்டினாள். காக்காவும் ஏசவில்லை. காற்றைக் கேட்காமல் அனுப்பியது தன்னுடைய பிழை என்று முதலாளிக்கு அவரே போன் எடுத்துச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், மறுத்துப் பேசவில்லை.

பகல் சாப்பாட்டின்போது முதல் படகில் போன ஒருவர் தன் போனில் எடுத்த வீடியோப் படத்தை எனக்குக் காட்டினார். அவருக்கு அது ஒரு வீரக் கதை. படத்தில் என் கணவர் போனை வாயோடு சேர்த்து வைத்து, சிரித்த முகத்தோடு நல்லம் என்கிறார். அவர் சொல்வது எனக்குக் கேட்கவே இல்லை. காற்றும் என்ஜினும் தண்ணீரும்தான் கேட்டன. அந்தச் சத்தத்தை ஒரு தரம் கேட்டிருந்தால், கடலே தெரியாத நான்கூடப் பிள்ளைகளை ஏற்றியிருக்க மாட்டேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த என் கணவரிடம் நேராகவே கேட்டேன். விருந்தாளிகளுக்காக அப்படிச் சொல்வது விளங்குகிறது, ஆனால் அவர்களுக்குத் தமிழ் தெரியாதே, இரண்டாவது படகை அனுப்ப வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"முன்ன காக்காக்கு மட்டும்தானே பேசுவன். அவருக்கெண்டா சாடையாச் சொல்லியிருப்பன்" என்றார். "இப்ப குரூப்புல மேல ஒங்கட பேர்தான் கிடக்கு. கடல் கொதிக்குதுண்டு ஒங்களுக்கு எப்படிச் சொல்ற?"

நான் பயந்தவள் என்று அவருக்குத் தெரியும். அதற்காகவே அந்தச் சொல்லை விழுங்கியிருக்கிறார்.

மறுநாள் கடல் அடங்கியிருந்தது. அவர் போன பிறகு மென்பொருளைத் திறந்தேன். இரைச்சலைத் துடைக்கும் வசதியை நிற்பாட்ட ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. யாரையும் கேட்டிருக்கக்கூடத் தேவையில்லை. அதை அழுத்தினேன். பிறகு படகுக் குரூப்பிலிருந்து என் பெயரை எடுத்தேன். இனி இங்கே வரும் எதையும் நீங்கள் கேட்க முடியாது, சம்மதமா என்று அது கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே காக்கா போனைக் காதில் வைத்தார். அவர் முகம் கடல் பக்கம் திரும்பியிருந்தது, எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது.