ஒன்பது தேங்காயும் என் கையால்

என் மகள் ரமணிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அவள் பிழைத்தால் தைப்பூசத் தேருக்கு என் கையால் ஒன்பது தேங்காய் உடைக்கிறேன் முருகா என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். பட்டர்வொர்த்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்கும் திரும்பிவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பெண்கள் சாலையில் நின்று உடைப்பதில்லை. நாங்கள் கழுவி, மஞ்சள் பூசி எடுத்துக் கொடுப்போம், ஆண்கள் உடைப்பார்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு அது அவர் தம்பி நல்லமுத்துவின் வேலையாயிற்று. ரமணியின் புருஷன் அவருடைய மச்சினன் மகன்தான். அந்த வீட்டில் நல்லமுத்து சொன்னால் சொன்னதுதான்.

தேர் வரும் காலையில் என் தேங்காய்க் கூடையில் கை வைத்தார்.

"குடுங்க அண்ணி, நான் ஒடைச்சிடுறேன்."

"வேண்டிக்கிட்டது நான், தம்பி."

"யாரு வேண்டுனா என்ன லா? தாலி அறுத்தவங்க நடுரோட்டுல நின்னா ரமணிக்குத்தான் ஆகாது."

"பதினோரு நாள் ஆஸ்பத்திரில அவ பக்கத்துல இந்தத் தாலி அறுத்தவதான் படுத்திருந்தா. அப்ப மட்டும் ஆச்சா?"

அவர் கூடையை விட்டார். முகம் கறுத்துவிட்டது.

முதல் தேங்காய் உடையவில்லை. துள்ளி உருண்டது.

"பாட்டி, பந்து வெளையாடுறீங்களா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை எடுத்து வந்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் போட்டேன். சிதறியது. மீதி எட்டும் அப்படித்தான். சேலையெல்லாம் தேங்காய்த் தண்ணீர்.

திரும்பிப் பார்த்தால் எங்கள் ஆட்கள் நின்ற இடம் காலி. தூரத்தில் ரமணி தன் புருஷன் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு என் ஃபிளாட்டுக்கு யாரும் வருவதில்லை. பேத்தி பெரியவளானதைப் பாசாரில் மீன் விற்கிற மர்ஜானா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அம்மாச்சி இல்லாமலே சடங்கு முடித்திருக்கிறார்கள். அவளுக்கென்று வாங்கின பட்டுப்பாவாடை அலமாரியில் இருக்கிறது.

சடங்குக்குப் பிறகுதான் ரமணி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்ய ஆரம்பித்தாள். குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு மெதுவாகப் பேசுவாள்.

"அம்மா, சித்தப்பா கால்ல ஒரு தடவ விழுந்துடுங்கம்மா. எல்லாம் சரியாயிடும். எனக்கும் வர வழி கெடைக்கும்."

விழுந்தால் அவள் வருவாள். அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் ‘சரி, விழுறேன்’ என்று வாய் வரைக்கும் வருகிறது.

"நான் தப்பு பண்ணலையே, ரமணி. முருகனுக்குச் சொன்னதச் செஞ்சேன். அதுக்கு இவரு கால்ல எதுக்கு விழணும்?"

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"மாத்திரை ஒழுங்கா போடுறியா?" என்று கேட்டேன்.

"போடுறேம்மா."

"வயித்துல வலி இருக்கா?"

"இல்லம்மா."

"சரி. பைப்ப மூடு, தேடப் போறாங்க" என்றேன்.