வாழைத் துண்டு நின்ற இடம்

படகில் அப்பா இருந்தார், அம்மாவின் தம்பியான என் மாமா இருந்தார், படகுக்காரர் இருந்தார், நான் இருந்தேன். அம்மா வரவில்லை. அண்ணன் இல்லை, அவனைத் தேடித்தான் போயிருந்தோம்.

அண்ணன் சரக்குக் கப்பலில் இஞ்சின் அறை வேலைக்குப் போயிருந்தான். ஆப்பிரிக்கா பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலையில் கப்பலில் அவனைக் காணவில்லை. அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் மும்பையிலிருந்து போன் செய்தார். வீட்டில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். நான் கேட்டு முடிக்கும்வரை அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாக?"

சொன்னேன். அவள் அழவில்லை. அழ வந்த பெண்களையும் வாசலிலேயே மறித்தாள். "உடம்பக் கொண்டாந்து காட்டட்டும். பெறகு அழுவோம்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். வீட்டார் போய்ச் சொன்னால்தான் மாதா கோயிலில் துக்கமணி அடிப்பார்கள். நாங்கள் சொல்லவில்லை, மணி அடிக்கவில்லை. அண்ணனுக்கும் சேர்த்தே சோறு வடிந்துகொண்டிருந்தது. தெரு முழுக்கக் குரலைத் தாழ்த்திப் பேசியது.

அப்பா திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர். காமயகவுண்டன்பட்டி வட்டாரத்தில் கிணற்றிலோ ஆற்றிலோ யாராவது விழுந்து செத்தால் மூழ்கி எடுப்பவரும் அவர்தான். மூன்றாம் நாள் உடம்பு மிதந்துவிடும். மிதக்காவிட்டால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாழைமரத்தில் ஒரு முழத் துண்டு வெட்டி, செத்தவருடைய சட்டையை அதில் சுற்றி, மேலே மெழுகுத்திரி ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள். அது எங்கே போய் நிற்கிறதோ அங்கே அப்பா இறங்குவார். வெறுங்கையோடு அவர் கரையேறியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மூன்றாம் நாளும் போன பிறகு அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குக் கிளம்பினார்.

"அப்பா, கப்பல் போனது ஆப்பிரிக்கா பக்கம். தூத்துக்குடியில போயித் தேடுனா எப்பிடி?" என்றேன்.

"ரெண்டுக்கும் நடுவுல கரை இருக்கா?"

"இல்ல."

"மதகு, ஷட்டர் ஏதாச்சும்?"

"இல்லப்பா."

"அப்ப ஒரே தண்ணிதான. இந்நேரம் வீட்டப் பாத்துத்தான் வந்துக்கிட்டிருப்பான்."

பெட்டியிலிருந்து அண்ணனின் நீலச் சட்டையை எடுத்து வந்து கொடுத்தேன்.

ஈரச் சாக்கில் சுற்றிய வாழைத் துண்டோடு பஸ் ஏறினோம். "கடல்ல வாழை நடப் போறீகளா?" என்று கண்டக்டர் கேட்டார். மாமா அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "ஆமாண்ணே, உப்புத் தண்ணியில தார் நல்லா வருமாம்."

எங்கள் குடும்பத்தில் அண்ணனுக்கு முன்னால் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் அப்பா கவாத்து வெட்டும் கொடியின் தாய்க்கொடி கப்பலில் வந்த சாமியாரோடு வந்தது என்பார்கள். எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்களும் கப்பலில் வந்தவர்கள்தான். குழம்பில் போடும் மிளகாயும், மழை நாளில் அவித்துத் தின்னும் மரவள்ளியும் அப்படியே. மேலே மலையில் விளைந்த ஏலமும் மிளகும் எதிர்ப்பக்கமாகக் கடலுக்குப் போயின. கடைசியில் அண்ணன் போனான், அவன் சம்பளம் வந்தது. இத்தனை காலமாக எங்கள் அடுப்படி வரைக்கும் வந்து போய்க்கொண்டிருந்த ஒன்றை நாங்கள் நேரில் பார்த்ததேயில்லை என்று பஸ்ஸில் எனக்குத் தோன்றியது.

கடலைப் பார்த்ததும் மாமாதான் முதலில் பேசினார். "இதுல எங்கிட்டு மச்சான் எறங்குறது? படியக் காணமே."

அப்பா சிரிக்கவில்லை. கிணற்றடியில் நிற்பதுபோலவே தலையைச் சாய்த்து நின்றார்.

படகுக்காரர் முதலில் மறுத்தார். "அண்ணாச்சி, இது ஒங்க ஊரு கெணறு இல்ல. நடுக்கடல்ல போனவன் இங்கன கெடைக்க மாட்டான்." பிறகு வாழைத் துண்டில் சுற்றியிருந்த நீலச் சட்டையைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, "ஏறுங்க" என்றார்.

கரை ஒரு கோடாகத் தெரியும் தூரத்தில் அப்பா மெழுகுத்திரியை ஏற்றித் துண்டைத் தண்ணீரில் விட்டார். நல்ல வெயில். காற்று என் சட்டையைப் பிடித்து இழுத்தது; சுடர் மட்டும் ஆடவில்லை. துண்டு காற்றுக்கு எதிராகப் போனது. நாங்கள் பின்னாலேயே போனோம். பிறகு, யாரோ கைவைத்துப் பிடித்ததுபோல அது நின்றது. சுற்றிலும் அலை ஏறி இறங்கியது. அந்த இடம் மட்டும் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது.

படகுக்காரர் இஞ்சினை நிறுத்தினார். "ரெண்டு நீரோட்டம் முட்டுற எடம். சில நேரம் இப்படி நிக்கும்" என்றார். ஆனால் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். நங்கூரக் கல்லைக் கயிற்றோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு இறங்கினார்.

கயிறு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி முழமும் போய்ப் படகின் விளிம்பில் விறைத்து நின்றது. கிணற்றில் அப்பா மூழ்கினால் குமிழி வரும். அதைப் பார்த்துத்தான் மேலே நிற்பவர்கள் மூச்சு விடுவார்கள். இங்கே குமிழி வரவில்லை. மாமா மாதாவை வேண்டும் அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டு மறுபடி தொடங்கினார்.

அப்பா எங்களுக்குப் பின்புறம் எழுந்தார், படகைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி. கூப்பிட்டோம், திரும்பவில்லை. இழுத்து ஏற்றினோம். வலது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

"தரை இல்லடா" என்றார். "கீழ தரையே இல்ல."

அவரைப் படுக்கவைத்துவிட்டு நிமிர்ந்தபோது துண்டைக் காணவில்லை. நாலு பக்கமும் தேடினோம். "வாழை முங்காதே" என்று படகுக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இஞ்சினைக் கிளப்பினார்.

மதுரையில் காது டாக்டர் சவ்வு கிழிந்துவிட்டது என்றார். கேட்பது திரும்புவது சந்தேகம், உள்ளே ஓர் இரைச்சல் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் கைகளைப் பார்த்தாள். போய்ச் சோறு எடுத்து வைத்தாள். அப்பா சாப்பிடும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தார்.

"என்ன செய்யுது?" என்றாள் அம்மா.

"அலை அடிக்குது. நிக்கவே மாட்டேங்குது."

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் காதை அப்பாவின் வலது காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். அப்பா மென்ற சோற்றை விழுங்காமல் இருந்தார். மாமா நீட்டிய கால்களை மடக்கிக்கொண்டார். வெளியே டவுன் பஸ் ஹாரன் அடித்துப் போனது. அம்மா அசையவில்லை.

"கேக்குதா?" என்றார் அப்பா.

"கேக்குது" என்றாள். "அங்கனதான் கெடக்கான்."

பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு, வாய்விட்டு அழத் தொடங்கினாள். காத்திருந்ததுபோலத் தெருப்பெண்கள் ஓடி வந்தார்கள். மாமா செருப்பைத் தேடாமல் மாதா கோயிலுக்கு ஓடினார். துக்கமணி அடித்தது. அப்பா மட்டும், "மணி அடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

படகு வாடகை, டீசல், பஸ், மதுரை ஆஸ்பத்திரி, காதுக்கு மருந்து, உடம்பு இல்லாத குழியின் மேல் நட்ட சிலுவை, எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய் ஆனது.