நாயில்லாத கோட்டை

வாய்மை பெரிய செய்திகளில் எளிது. மன்றத்தில் நின்று உலகம் பார்த்திருக்கச் சொல்லும் உண்மைக்கு உலகமே துணை நிற்கும். எவரும் கேளாத, எவருக்கும் பயன்படாத, சொன்னால் சொன்னவருக்கே இழப்பாக முடியும் சின்னஞ்சிறு செய்தியில் உண்மை பேசுவதுதான் அரிது. அவ்வரிய வாய்மையை உடையவர் கோவில்பட்டியில் வாழும் கருத்தையா. அதனை அவர் காத்து நின்ற களம் ஒரு துப்பாக்கி விளையாட்டு.

கருத்தையாவுக்கு வயது நாற்பத்து நான்கு. சொந்த ஊர் நாகலாபுரம். தீப்பெட்டிகளுக்கு மேலொட்டும் படங்களை அச்சிடும் ஆப்செட் அச்சகம் ஒன்றில் பணி. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வரும் முதல் தாளை, முதலாளி ஒப்பிய மாதிரித் தாளோடு வைத்து வேறுபாடு கண்டு சொல்வது அவர் தொழில். மயிலின் தோகையில் நீலம் சற்று வெளுத்திருந்தாலும், யானையின் தந்தம் மயிரிழை நகர்ந்திருந்தாலும் அவர் கண் பிடித்துவிடும். பிடித்தவுடன் கையை உயர்த்துவார், இயந்திரம் நிற்கும். வீட்டிலும் அப்படியே கையை உயர்த்தும் வழக்கம் அவருக்கு இருந்தது. அங்கே எதுவும் நின்றதாகச் சான்று இல்லை.

கணினி விளையாட்டுகளுள் ஒரு வகை உண்டு. ஆடுபவர் தம் உருவைத் தாமே காண்பதில்லை. திரையின் அடியில் அவர் கையும் கையிலுள்ள துப்பாக்கியும் மட்டும் தெரியும். எஞ்சியதெல்லாம் அவர் கண்வழியே விரியும் உலகம். தன்னைக் காணாது எதிர்ப்படுவோரையெல்லாம் குறிவைத்துக்கொண்டே நடக்கும் இந்நிலையைப் பெரியோர் மாயை என்றனர்; இளைஞர் பொழுதுபோக்கு என்றனர். 'கிரே பாஸ்டியன்' அவ்வகையில் ஒன்று. அரக்கர் நிறைந்த ஒரு கோட்டைக்குள் புகுந்து, ஒன்பது நிலைகளைக் கடந்து, இறுதியில் பேரரக்கன் ஒருவனை வீழ்த்த வேண்டும். தொண்ணூற்றாறில் மேலைநாட்டில் பிறந்த இவ்வாட்டம், மூன்றாண்டுகள் கழித்துக் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் சௌந்தரபாண்டியன் நடத்திய கணினி நிலையத்தில் அதனைக் கருத்தையா கற்றார். கற்றார் என்பதே தகும். ஆடினார் என்பது அவர் ஒழுக்கத்துக்குப் போதாது. நிலையம் மூடப்பட்டபோது அதன் குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

பழைய கோயிலுக்குத் திருப்பணி செய்வோர் சுவர்மீது மணலை வீசி அழுக்கு நீக்குவர். அழுக்கோடு கல்வெட்டும் போய்விடும். பழைய ஆட்டங்களுக்கும் இக்காலத்தில் அத்தகைய திருப்பணி நடக்கிறது. படத்தைத் தெளிவாக்கி, ஒலியைப் புதுக்கி, மறுபதிப்பு என்று வெளியிடுகின்றனர். அவ்வாறு 'கிரே பாஸ்டியன்' இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் மறுபதிப்புக் கண்டது. கருத்தையா அதனைத் தம் கணினியில் திறந்தார். கோட்டை வாயில் விரிந்தது. முதல் அறைக்குள் இரண்டடி வைத்தார். நான்கு நாய்கள் பாய்ந்து வந்து அவரைக் கொன்றன.

அவர் அறிந்த கோட்டையில் நாய் இல்லை. இருபதாண்டுகள் அதனுள் திரிந்தவர் அவர். ஒரு குரைப்பொலி கேட்டதில்லை. வைரவரின் ஊர்தியை அரக்கர் படையில் சேர்த்தது வெறும் இடைச்செருகல் அன்று, சிவநிந்தை என்றும் அவருக்குத் தோன்றிற்று. மேலும் நோக்கினார். மூன்றாம் நிலையில் திறந்தே கிடக்கும் கதவு இப்போது சிவப்புச் சாவி கேட்டது. அமைதியே உருவான கோட்டையில் எந்நேரமும் முரசு அதிர்ந்தது. பேரரக்கனைப் பதினொரு நிமிடத்தில் வீழ்த்துவது அவர் பெருமை. இவனோ அரைமணி நேரமானாலும் சாகவில்லை. இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதினார். ஏடு பெயர்த்தெழுதியவரின் பிழைகளைத் திரட்டும் புலவர்க்குரிய சினமும் இன்பமும் அவ்வெழுத்தில் கலந்திருந்தன. வேறுபாடுகள் நாற்பத்தேழு.

ஐந்தாண்டுகள் அக்குறிப்பேட்டை எவரும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள், ஆட்டத்தின் உரிமை பெற்ற வெளிநாட்டு நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. முந்தைய மறுபதிப்பில் மூலத்தினின்று பிறழ்ந்தவை பல. அவற்றைத் திருத்தி இரண்டாம் மறுபதிப்பு வரும். பிறழ்ச்சிகளைச் சுட்டிக்காட்டுவோர் பெயர்கள் ஆட்டத்தின் முடிவில் நன்றியுடன் ஓடும். கருத்தையா அதனை மும்முறை படித்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் உறவினர் அவரைப் பற்றிச் சொல்லிவந்த ஒரே சொல் 'வெட்டிவேலை'. அச்சொல்லுக்கு விடையாக ஒரு வரி, ஒரே ஒரு வரி, திரையில் தம் பெயராக ஓட வேண்டும் என்று அவர் உள்ளம் ஏங்கிற்று.

ஆங்கிலத்தில் எழுதித் தந்தவர் மனைவி கற்பகம். தனியார் பள்ளியொன்றில் ஆசிரியை.

"நாப்பத்தேழையும் எழுதணுமாங்க? நாலு எழுதுனா போதாதா?"

"தாளுல நாப்பத்தேழு புள்ளி தப்பா இருந்தா நாலத்தான் சொல்லுவனா? எழுது கற்பகம்."

மூன்று வாரத்தில் மறுமொழி வந்தது. நாற்பத்தேழில் ஆறு உண்மையான பிறழ்ச்சிகள். அவற்றை முன்னரே பிறர் சுட்டிவிட்டனர். மற்ற நாற்பத்தொன்றும் தாங்கள் அறிந்த எந்தப் பதிப்பிலும் இல்லை. நாயில்லாத 'கிரே பாஸ்டியன்' ஒன்றை எவரும் கண்டதில்லை. ஆகவே அவரிடம் உள்ளது, ஆட்டம் வெளிவருமுன் செய்து பார்த்துப் பின் தொலைந்துபோன முன்னோட்டப் பதிப்பாக இருக்கலாம் என்று தாங்கள் நம்புவதாகவும், குறுந்தகடு கைக்கு வந்த வரலாற்றை அவர் உறுதிசெய்தால் நன்றிப் பட்டியலில் முதற்பெயர் அவருடையதாக இருக்கும் என்றும் எழுதியிருந்தனர்.

கற்பகம் இதனை ஒருவரிடமும் சொல்லவில்லை, நாகலாபுரத்தில் தம் அண்ணன் சிவனாண்டி வீட்டுக் காதுகுத்து நடக்கும் வரையில். அங்கே அனைவரிடமும் சொன்னார்.

"மாப்ள பேரு சினிமால வருதாமே?" என்றார் சிவனாண்டி. மானாவாரிக் கம்பும் உளுந்தும் விதைப்பவர். மழைக்கு அடுத்து அவர் நம்பாதது தங்கை கணவரைத்தான்.

"சினிமா இல்லண்ணே, கேமு. மொத பேரே இவிய பேருதான்."

"சுட்டு வெளாண்டதுக்கா? ஏ மாப்ள, நம்ம காட்டுல பன்னி வந்து உளுந்த அழிக்கி. அங்கன வந்து ஒருநா சுடும். ஒம்ம பேர ஊர்ச் சுவத்துலயே எழுதிப் போடுதேன்."

பந்தி சிரித்தது. கருத்தையாவும் சிரித்தார். முதற்பெயர் வரப்போகிறவர் சிரிக்கலாம்.

மீதமிருந்தது ஒரு வேலைதான்: குறுந்தகட்டின் வரலாறு. சௌந்தரபாண்டியன் அதே சந்தில் இப்போது கண்காணிப்புக் கேமரா விற்கிறார். தேய்பிறை அட்டமிதோறும் வைரவர் பூசைக்கு வடைமாலை சாத்தும் கைங்கரியம் அவருடையது. கருத்தையா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, தொண்ணூத்தொம்பதுல நீங்க வச்சிருந்த கிரே பாஸ்டியன் எங்கன வாங்குனது?"

"மதுரையில. என்னப்பா திடீர்னு?"

"அது வெளிவாரதுக்கு முந்துன பதிப்புன்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். அதுல நாய் இல்லையாம்லா."

சௌந்தரபாண்டியன் வாய்விட்டுச் சிரித்தார். "முந்துனதும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாங்கும்போது நாய் இருந்துச்சுப்பா. நாந்தான் தூக்குனேன்."

"நீங்களா?"

"பின்ன? மொத ரூம்லயே நாலு கெடக்கு. என் கடையில ஒக்காந்து வைரவர் வாகனத்த டுமீல் டுமீல்னு சுடுவானுவ. நான் சாயந்திரம் போயி அவருக்கு வடமால போடணுமா? கம்ப்யூட்டர் புத்தகத்தோட கேம மாத்துத எடிட்டர் ஒண்ணு ஓசியாக் குடுத்தான். ராவும் பகலும் ஒக்காந்து ஒவ்வொரு நாயாத் தூக்கி, புதுசா ஒரு சிடில அடிச்சேன்."

கருத்தையா நாற்காலியை முன்னே நகர்த்தினார். "மூணாம் நெலையில கதவு?"

"சாவியத் தேடித் தேடி ஒரு பயலும் சீட்ட விட்டு எந்திரிக்கல. தெறந்து போட்டுட்டேன்."

"அந்த அமைதி? பாட்டே இல்லாம இருக்குமே?"

"அதே சிடில நம்ம சாமி பாட்டு பதியணும்னு அவன் பாட்ட எடுத்துட்டேன். எடம் வேணும்லா?"

அவ்வமைதியைப் பற்றி மட்டும் கருத்தையா இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கோட்டையின் தனிமையை ஆடுபவர் உள்ளத்தில் நிறைக்க ஆக்கியோன் கண்ட உத்தி அது என்பது அவர் துணிபு. இப்போது அவர் குரல் மிகத் தாழ்ந்தது.

"கடேசி அரக்கன் அண்ணாச்சி?"

"ஆறு மணிக்குக் கரண்டு போயிரும்லா. அவன் சாகறதுக்குள்ள போயிட்டா பயலுவ என் கழுத்தப் புடிப்பானுவ. உசுரப் பாதிக்கும் கீழ கொறச்சேன்."

"நான் அவன பதினோரு நிமிசத்துல கொன்னேன்."

"எல்லாவனும் பதினோரு நிமிசத்துலதான் கொன்னான். அதுக்குத்தான கொறச்சதே."

அறத்தின் பொருட்டு ஒருவர் செய்த திருத்தங்களை மற்றொருவர் மூலமாகக் கொண்டு இருபதாண்டு ஓதிவந்தார் என்பதில் குற்றம் எவருடையது? ஓதியவருக்கு அது மூலமே. ஆயினும் மூலம் என்று நம்புவது வேறு, மூலம் என்று சான்று கூறுவது வேறு. இவ்வேறுபாடு சௌந்தரபாண்டியனுக்குப் பெரிதாகப் படவில்லை.

"இந்தா பாரு, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். பாஞ்சாலங்குறிச்சியில முயலு நாய வெரட்டுச்சுன்னா ஊரே நம்புது. கோட்டையில நாயே இல்லன்னு சொன்னா வெள்ளக்காரன் நம்ப மாட்டானா? அவனா வந்து முந்துன பதிப்புங்கான். ஆமான்னு ஒரு சொல்லு. ஒம் பேரு மொதல்ல வரும். யாருக்கு என்ன நட்டம்?"

யாருக்கும் நட்டமில்லை. அதுவே கருத்தையாவை வருத்திற்று. ஒருவருக்காவது தீங்கு விளையுமென்றால் பொய்யை விலக்குவது எளிதாயிருக்கும். மறுநாள் அச்சகத்தில் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். என்ன பிழை என்று இயந்திரம் ஓட்டுபவர் இருமுறை கேட்டார். பிழையொன்றும் இல்லை என்று தலையசைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

மாலையில் கற்பகத்தை மடிக்கணினிமுன் அமரச் சொன்னார்.

"எழுது கற்பகம். 'என்னிடம் உள்ளது முன்னோட்டப் பதிப்பு அன்று.'"

கற்பகம் கையை எடுத்துக்கொண்டார். "என்னங்க சொல்லுதீய? அண்ணன் வீட்டுல அத்தன பேரு முன்னால பீத்திட்டு வந்திருக்கேன். இனி எம் மூஞ்சிய எங்கன வச்சிக்கிடுதது?"

"அண்ணாச்சி மாத்துனது. நாய் இருந்துச்சாம்."

"இருந்தா இருந்துட்டுப் போட்டும். அந்த நாய் வந்து சாட்சி சொல்லப் போவுதா?"

"நான் மாதிரித்தாள்னு கையெழுத்துப் போட்டா, அப்புறம் அடிக்கிறதெல்லாம் அதப் பாத்துத்தான் அடிப்பான். தப்பான தாளுக்கு எப்படி கற்பகம் கையெழுத்துப் போடுவேன்?"

கற்பகம் கணவர் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு ஆண்டு இல்லறத்தில் அந்தக் கை உயர்ந்தபோதெல்லாம் பொருட்படுத்தாதவர், அன்று அது உயராமல் மடியில் கிடந்ததைக் கண்டு எழுதத் தொடங்கினார். நாய் நீக்கியது, கதவு திறந்தது, முரசை அகற்றியது, மின்தடை, அனைத்தும் எழுதினார். பதினொரு நிமிடத்தையும் சேர்க்கச் சொன்னபோது மட்டும், "அது அவங்களுக்கு எதுக்குங்க?" என்று கேட்டார். அதுவும் சேர்க்கப்பட்டது.

நிறுவனம் நயமாக நன்றி கூறிற்று. பட்டியலில் இடமில்லை என்பதையும் நயமாகவே கூறிற்று. வேறொன்றும் கேட்டது: சௌந்தரபாண்டியனின் முகவரி.

இரண்டாம் மறுபதிப்பு இவ்வாண்டு வெளிவந்தது. மூலத்துக்கு அணுவளவும் பிறழாதது என்று அறிந்தோர் புகழ்கின்றனர். கருத்தையா அதனைத் திறந்து முதல் அறையில் நின்றார். நாய்கள் பாய்ந்தன. மெய்யான மூலம் இதுவே என்று அவர் அறிவு சொல்லிற்று; இடைச்செருகலென்று எண்ணி அன்று சுட்டுக் கடந்த விரலோ இன்று அசையவில்லை. நாற்பத்தேழு வேறுபாடு கண்ட அறிஞர், மூலபாடத்தின் முதல் அறையை இன்றுவரை கடந்ததில்லை.

ஞாயிறன்று நண்பகல் சிவனாண்டி குடும்பத்தோடு வந்திருந்தார். வேறு யாரோ ஆடி முடித்து இணையத்தில் ஏற்றிய காணொளியிலிருந்து நன்றிப் பட்டியல் தொலைக்காட்சியில் ஓடியது. பெயர்கள் நூற்றுக்கணக்கில் மேலேறின. இறுதிப் பகுதியில் 'கோவில்பட்டி முறை' என்றொரு தலைப்பு வந்தது. நாயின்றி, முரசின்றி, மின்தடைக்கு அஞ்சிய அரக்கனோடு ஆட விரும்புவோர்க்கு அவ்வழியும் சேர்க்கப்பட்டிருக்கிறதாம். அதன்கீழே ஒரே பெயர்: சௌந்தரபாண்டியன். மூலத்தை மாற்றியவர் பெயர் உலகெங்கும் ஓடிற்று. மாறாது காக்க நின்றவர் சோற்றுத் தட்டோடு அதனைப் பார்த்தார்.

"மாப்ள, ஒம்ம பேரு எங்க?" என்றார் சிவனாண்டி. "கேமராக் கடைக்காரர் பேருல்லா ஓடுது?"

கருத்தையா விடை சொல்லுமுன் கற்பகம் ரசத்தோடு வந்தார்.

"இவிய ஒரு பொய் சொல்லியிருந்தா மொத பேரு இவிய பேருதாண்ணே. சொல்லல. அது எந்தப் பட்டியல்லயும் வராது. அதான் நான் சொல்லுதேன், கேட்டுக்கோங்க. ரசம் ஊத்தவா?"

சிவனாண்டி தட்டை நீட்டினார். உறவினர் வாயிலிருந்து 'வெட்டிவேலை' என்னும் சொல் அன்று வரவில்லை. அதனினும் பெரிய சிறப்பை அவர்களிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

ஊர்க்கோயிலில் எழுந்தருளிய செண்பகவல்லியம்மை அந்த இல்லத்தை விட்டு அகலாதிருப்பாளாக. அடுக்களையில் உலை என்றும் குளிராதிருக்க. கிணறு கோடையிலும் ஊறுக. விருந்தாக வருவோர் வயிறும் மனமும் நிறைந்து செல்க. கணவரும் மனைவியும் ஒருவர் சொல்லுக்கு ஒருவர் சான்றாக நெடுங்காலம் இனிது வாழ்க.