பேசி அனுப்பினேன்

ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தவன் நான். கையில் பேனை இருந்தது, மூக்குக்கு மேலே கோபம் இருந்தது. வேறென்ன வேணும்?

சண்டை ஓய்ந்து, வன்னிக்குப் பாதை திறந்த அடுத்த வருடம். வட்டக்கச்சியில் பால் சேகரிக்கும் நிலையம் ஒன்றுக்கு நான் முகாமையாளர். பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, இரண்டு கதிரை, எனக்குக் கீழே இரண்டு பெண்கள். ஊர்க்காரர் கொண்டுவரும் பாலை அவர்கள் அளப்பார்கள். ஒரு கரண்டி எடுத்துக் காய்ச்சிப் பார்ப்பார்கள். திரைந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

ஒருத்தி எங்கள் ஆள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மற்றவர் ஸ்கந்தபுரத்திலிருந்து, அவ்வளவு தூரம், விடியமுன்பே சைக்கிளில் வெளிக்கிட்டு வருவார். அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். இன்றைக்கு ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு ‘அவள்’தான். எங்கள் பிள்ளையை ‘நீர்’ என்பேன், இவரை ‘நீ’ என்பேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானும் யோசித்துச் செய்யவில்லை, வாய் தானாகவே அப்படிப் போனது. எங்கள் பிள்ளை பிந்தி வந்தால், “பாவம், பஸ் இல்லையாக்கும்.” இவர் ஒருநாள் பிந்தினால், “இதுகள் இப்பிடித்தான்.” இவர் “சரிங்க” என்றால் அதிலும் ஒரு நக்கல் இருப்பதாக எனக்குக் கேட்கும்.

இவரை நிரந்தரமாக்கும் கடிதம் அப்போது என் மேசை லாச்சியில் கிடந்தது. நல்லபடியாக நாலு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும், ஆயுளுக்கும் ஒரு வேலை. “ஐயா, கடுதாசி போயிருச்சுங்களா?” என்று கிழமைக்கு ஒருதரம் கேட்பார். “பாப்பம், பாப்பம்” என்பேன்.

ஒற்றை மாட்டோடு சீவிக்கிற ஒரு வயதான அம்மா தினமும் முதல் ஆளாய்ப் பால் கொண்டு வருவா. திடீரென்று மூன்று நாளாக ஆளைக் காணவில்லை.

“அந்த அம்மா ஏன் வாறேல்லை?” என்று இவரைக் கேட்டேன்.

“அவங்க பால் திரைஞ்சு போச்சுங்க. நான் பேசி அனுப்பிட்டேன்.”

எங்கள் ஊர்ப்பேச்சில் ஒருவரைப் பேசுவது என்றால் ஏசுவது. சும்மா பேசுவதைக் கதைப்பது என்றுதான் சொல்வோம்.

“பேசினியோ? அந்த மனுசியையோ?”

“ஆமாங்க. நல்லாப் பேசினேன். அப்புறந்தான் அவங்களுக்கு விளங்கிச்சு.”

நல்லாப் பேசினாளாம்! கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். “வயசு போன மனுசியைப் பேச உனக்கு ஆர் அதிகாரம் தந்தது? நீயென்ன பெரிய ராசாத்தியோ?”

“ஐயா, நான் வந்து...”

“வாயை மூடு! நாளைக்கு வரவேண்டாம்.”

லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். ‘மரியாதையாக நடக்கத் தெரியாதவர்’ என்று எழுதி அன்றைக்கே தலைமையகத்துக்கு அனுப்பினேன். அவர் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “போயிட்டு வாறேங்க” என்று போனார்.

அடுத்த கிழமை அந்த அம்மா பாலோடு வந்தா. “தம்பி, அந்தப் பிள்ளை எங்கை?”

“உங்களைப் பேசினதுக்கு நிப்பாட்டிப் போட்டன் அம்மா,” என்றேன், பெருமையாக.

“என்னையோ? ஆர் பேசினது? என்னை இருத்தி வைச்சு வடிவாக் கதைச்சதடா தம்பி! மாட்டுக்கு மடி வீங்கியிருக்கும், அதுதான் பால் திரையுது, மாட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கோ, சுகம் வருமட்டும் பால் கொண்டு வராதேங்கோ எண்டு சொன்னது. வேலை முடிய வீட்டை வந்தும் பார்த்தது. அந்தப் பிள்ளையாலைதான் என்ரை மாடு தப்பினது.” பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தா. “என்ன வேலை செய்துபோட்டியள்?”

சீ, நானும் ஒரு மனுசனா! அன்று முழுக்க எங்கள் பிள்ளையின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்கந்தபுரம் போனேன். யாரோ ஒருவருடைய மிளகாய்த் தோட்டத்தில் இவர் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வரம்பில் நின்றபடியே சொன்னேன். “பிள்ளை, நான் பிழையா விளங்கிப்போட்டன். எங்கடை பேச்சிலை பேசினது எண்டால் ஏசினது. அதாலை வந்த வினை.”

அவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். “அது எனக்குத் தெரியுங்க. நான் பொறந்ததே இங்கதானே. வீட்டுப் பேச்சு வாயில வந்திருச்சு.” பிடுங்கிய புல்லை வரம்பில் போட்டார். “ஆனா போன மாசம் கொழும்புல இருந்து வந்த பெரிய ஐயா, ‘பால்காரங்களைக் கூப்பிட்டுப் பேசி அனுப்பினேன்’னு உங்ககிட்ட சொன்னாரு. நீங்க அவரைக் கதிரையில உக்காரவச்சு டீ குடுக்கச் சொன்னீங்க. நாந்தாங்க அந்த டீயைக் கொண்டாந்தேன்.”

உண்மை. அதே சொல்தான். பெரிய ஐயாவின் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அது சரியாகவே விளங்கியிருந்தது.

திரும்பி வந்து, பிழை என்னுடையது என்று தலைமையகத்துக்கு எழுதினேன். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாயிற்று என்று பதில் வந்தது.

புதிதாக வந்த பிள்ளை எங்கள் ஆள். முதல்நாளே அரை மணித்தியாலம் பிந்தி வந்தா. “பாவம், பஸ் இல்லையாக்கும்” என்று, நான் யோசிப்பதற்கு முன்னாலேயே, என் வாய் சொல்லிவிட்டது.