பதக்கத்தின் பின்புறம்

காலை ஏழே காலுக்கு மதுரையில் புறப்பட்ட ரயில், ஐம்பத்தாறு மைலைக் கடந்து போடிநாயக்கனூருக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது. என் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி. அதற்குள் பஞ்சில் பொதிந்த பதக்கம்: விமானச் சன்னல் தகட்டை இதய வடிவில் அறுத்து, பித்தளையில் பதித்து, பின்னால் ஊக்கு வைத்தது. போர்க்காலத்தில் சிப்பாய்கள் கடையில் வாங்கியோ கையால் செய்தோ மனைவிக்கோ காதலிக்கோ அனுப்பிய இவ்வகைக்கு 'சுவீட்ஹார்ட்' நகை என்று பெயர்.

எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கருப்பையாவின் தங்கை பேச்சியம்மாளுடையது அது. அவள் கணவன் வீரணன் பர்மாவில் இறந்தபின், பட்டாளத்திலிருந்து வந்த தகரப்பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. கடிதம் ஏதும் இல்லை. தனக்காகத்தான் வைத்திருந்தானா, வேறொருத்தி அவனுக்குக் கொடுத்ததா என்று தெரியாமல், பத்து வருஷத்துக்கு மேலாக அவள் அதைத் தொடவில்லை.

பின்புறத்தில் கடுகளவு ஒரு முத்திரை. செய்த கம்பெனி தெரிந்தால் வாங்கிய ஊரும், அதைக் கொண்டு வாங்கியது யாரென்றும் தெரியும் என்றார் கருப்பையா. சென்னையில் ஒரு நகைக்கடைக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, முத்திரையைக் காகிதத்தில் பெரிதாக வரைந்து, தம்மிடமிருந்த இங்கிலீஷ் முத்திரைப் பட்டியலை முழுவதும் புரட்டினார். சிங்கம் இருந்தது, நங்கூரம் இருந்தது, இது இல்லை.

பகல் பன்னிரண்டரைக்கு ஜீப். பட்டாளம் கழித்துவிட்ட வண்டி, ஆளுக்குப் பத்தணா. ஒன்பது பேர் ஏறியிருந்தோம்.

"தள்ளி உக்காருங்கண்ணே, இன்னும் ரெண்டு பேரு வரணும்" என்றார் ஓட்டுநர் காதர்.

"எங்க உக்காருவாங்க?"

"வண்டி கெளம்புனா எடம் வந்துரும்."

வந்தது. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் ஒவ்வொரு வளைவிலும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். காற்றில் குளிரும் ஏலக்காய் மணமும் சேர்ந்தே வந்தன. போடிமெட்டுக்கு ஒரு மைல் இப்பால் இறங்கி, பேச்சியம்மாள் வேலை செய்யும் ஏலத்தோட்டத்துக்குள் நடந்தேன்.

மணி இரண்டே முக்கால். காய் உலர்த்தும் கட்டடத்தின் முன்னால் இரண்டு பெண்கள் கோணி ஊசியால் மூட்டை வாய் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஊரு கம்பெனின்னு தெரிஞ்சுச்சாண்ணே?" என்றாள் பேச்சியம்மாள், ஊசியை நிறுத்தாமல்.

"தெரியலம்மா. பட்டியல்ல இல்ல."

"ஒரு ஊக்க மெட்ராசு வரைக்கும் அனுப்பிவச்சா மகராசி" என்றாள் உடனிருந்த ராக்காயி. "வேணாம்டின்னு சொன்னேன், கேட்டாளா?"

தீப்பெட்டியையும் நகைக்கடைக்காரர் வரைந்த காகிதத்தையும் கொடுத்தேன். இரண்டு கோடு, நடுவில் ஒரு சுழி. பேச்சியம்மாளின் ஊசி நின்றது.

"இத எதப் பாத்து எழுதுனாரு?"

"பதக்கத்துக்குப் பின்னால இருக்குறதத்தான். கண்ணுக்குக் கீறல் மாதிரி தெரியுது, கண்ணாடியில பாத்தா இதுதான்."

அச்சுப்படி திருத்த நான் வைத்திருக்கும் உருப்பெருக்கியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, தைத்து முடித்த மூட்டை ஒன்றைப் புரட்டி அதன் அடிமூலையைக் காட்டினாள். தாரில் இரண்டு கோடு, நடுவில் ஒரு சுழி.

"எம் மார்க்கு" என்றாள்.

தையல் பிரிந்தால் தைத்தவளைக் கண்டுபிடிக்க, ஒவ்வொருத்திக்கும் ஒரு குறி உண்டாம். பர்மாவில் இந்தக் குறியை அறிந்தவன் வீரணன் ஒருவனே.

ராக்காயி சிரித்தாள். "அவன் லோடு தூக்குறவன். இவ தச்ச மூட்ட அவன் முதுகுலயே பிரிஞ்சு காயி பூராம் கொட்டிருச்சு. எவ தச்சதுன்னு இந்தக் குறியத் தேடிச் சண்டைக்கு வந்தான். வந்தவன் தாலியக் கட்டிட்டான்."

"யக்கா, சும்மா இரு" என்ற பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "அந்த ஒரு மூட்டதாண்ணே பிரிஞ்சது. பட்டாளத்துக்குப் போற வரைக்கும் சொல்லிக் காட்டுனாரு. போயும் மறக்கல பாருங்க."

பதக்கத்தை முந்தானையின் உட்புறம் குத்திக்கொண்டு, மறுபடி ஊசியை எடுத்தாள்.

நாலே முக்காலுக்கு அதே ஜீப்பில் மலை இறங்கினேன். ஆட்களைவிட மூட்டைகள் அதிகம். ஒன்றின்மேல்தான் எனக்கு இடம். குனிந்து மூலையைப் பார்த்தேன்.

"நல்லா அழுத்தி உக்காருங்கண்ணே" என்றார் காதர். "அது பேச்சியக்கா தச்சது."

நகைக்கடைக்காரருக்கு எழுதவேண்டியதைக் குறித்துக்கொண்டேன்: செய்தவர் வீரணன், முத்திரை அவர் மனைவியுடையது. வண்டி வளைவுக்கு வளைவு குலுங்கியது. போடியில் இறங்கியதும் மூட்டை வாயை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு தையலும் பிரிந்திருக்கவில்லை.