அக்காவுக்கு நல்ல ஜாய்ஸ்டிக்

காலை பத்தேகால் மணிக்கு எலிசபெத்துக்குப் போன் வந்தது. ஆபீஸ் பஸ்ஸில் மயங்கி விழுந்த தம்பி ஜெபராஜ் எழுந்திருக்கவே இல்லை என்றார்கள்.

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் சின்ன வயதில் வீடியோ கேம் ஆடும்போது, தாவும் பட்டன் சிக்கிக்கொள்ளும் ஜாய்ஸ்டிக்கைத்தான் அவன் அக்கா கையில் திணிப்பான். அவளுடைய ஆள் பள்ளத்தில் விழும், அவன் சிரிப்பான். ஒருநாள்கூட அவள் ஜெயித்ததில்லை. சாஃப்ட்வேர் வேலைக்குப் போய் முப்பத்து நாலு வயதான பிறகுதான் அது அவனை உறுத்தியது போலிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு புது ஜாய்ஸ்டிக்குகளோடு வந்து, அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அந்தக் கேம்களை ஓடவைக்கும் எமுலேட்டரையும் ஏற்றினான்.

"இதுலயும் பழைய வேலையைக் காட்டுவியாடா?"

"நக்கோ அக்கா, மாட்டேன். உன்னோடதுதான் முதல்ல செட் பண்றேன். இந்தத் தடவை நியாயமா ஆடித் தோத்துப் போ."

அவளுடைய ஜாய்ஸ்டிக்கின் பட்டன்களை செட் பண்ணி முடித்தபோது கரண்ட் போய்விட்டது. தன்னுடையதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினான்.

அடக்கம் முடிந்த மறுநாள் எலிசபெத் கம்ப்யூட்டரைப் போட்டாள். பட்டனை அழுத்தியதும் அவளுடைய ஆள் சிக்காமல் பள்ளத்தைத் தாண்டியது. இரண்டாவது ஆள் தொடங்கிய இடத்திலேயே நின்றது. அவனுடைய ஜாய்ஸ்டிக்கில் இன்னும் ஒரு பட்டன்கூட செட் பண்ணியிருக்கவில்லை.