வெளியேறும் தேதி

நோயாளி எப்போது முடிவார் என்று தேதி கேட்டது நீங்கள்தான். நிதி தரும் அறக்கட்டளையில் உட்கார்ந்து எங்கள் விண்ணப்பங்களைப் படிக்கிற நீங்கள்தான்.

குளச்சலில் எங்களுடையது சின்ன அமைப்பு. ஒரு சிஸ்டர், ஒரு ஆட்டோ, விண்ணப்பமும் அறிக்கையும் எழுத நான். படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குப் போய்ப் புண்ணுக்கு மருந்து வைப்பது, மூத்திர டியூப் மாற்றுவது. அவ்வளவுதான் வேலை. நான் சேர்ந்த காலத்தில் சிஸ்டருக்குச் சம்பளம், ஆட்டோவுக்கு டீசல் என்று எழுதினாலே பணம் வந்தது. பிறகு, சம்பளத்துக்குத் தரமாட்டோம், பயிற்சிக்குத்தான் என்றார்கள். அப்புறம் பருவநிலை மாற்றத்துக்குத்தான் என்றார்கள். புண் கட்டுவதைப் பருவநிலை என்று எப்படி எழுதுவது? எழுதினேன். 'கடலோர மக்களின் தாங்குதிறன்' என்று தலைப்புப் போட்டேன், கிடைத்தது. இப்போது எல்லாருக்கும் செயலி வேண்டும். மூன்று வருடத்துக்குத் தந்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் தருவதில்லை.

உங்கள் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது. ஒவ்வொரு பயனாளியும் திட்டத்தை விட்டு வெளியேறும் தேதி. அதை எடுத்துக்கொண்டு எங்கள் நோயாளி ஒருவர் வீட்டுக்குப் போனேன். விசைப்படகில் வேலை பார்த்தவர். வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிஸ்டர் டியூப் மாற்றிக்கொண்டிருந்தார். நான் கட்டத்தை வாசித்துக் காட்டினேன்.

"எப்ப வெளிய போவேன்னு கேக்கானுவளா?" என்றார் அவர். "எழுது மக்கா, சவப்பெட்டியில வச்சு எடுக்கும்போதுன்னு."

"வாயி மட்டும் படுக்கல்ல, கேட்டியளா சாரே," என்றார் அவர் மனைவி.

"ஏட்டி, தேதி கேட்டா சொல்லாண்டாமா? மாதா திருநாள் கழிஞ்சு போடு மக்கா. அன்னைக்கு எறச்சிச் சோறு உண்டு."

சிரித்தோம். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்து உண்மையை எழுதினேன்: வெளியேறமாட்டார். திருப்பி அனுப்பினீர்கள். தேதி இல்லாமல் கம்ப்யூட்டர் ஏற்காது என்று போனில் சொன்னீர்கள். "சும்மா ஒரு தேதி போடுங்க சார், யாரும் பாக்கப் போறதில்ல." திட்டம் முடியும் நாளைப் போட்டேன். கையெழுத்து என்னுடையது. சிஸ்டரின் சம்பளம் நின்றுவிடக் கூடாது என்ற பயம். தப்புத்தான், மறைக்கவில்லை.

ஆனால் பார்த்துவிட்டீர்கள். அடுத்த வருட விண்ணப்பத்தில் அவர் பெயர் வரக்கூடாது, அவர் திட்டத்தை 'நிறைவு செய்தவர்' என்றீர்கள். மற்றவர்களுக்கும் சிஸ்டர் வேண்டாம், புண்ணைப் படம் எடுத்து அனுப்ப ஒரு செயலி செய்யுங்கள் என்றீர்கள். சிஸ்டர் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமே என்பீர்கள். அவர் வீட்டுச் சந்துக்குள் ஆட்டோ கூட நுழையாது. நாலு ஆண்கள் கட்டிலோடு தூக்க வேண்டும். கடலுக்குப் போகாத நாலு பேர் அந்தத் தெருவில் ஒரே நேரத்தில் கிடைப்பது லேசில்லை. போன மாதம் டியூப் அடைத்துக்கொண்டது. ஆள் தேடித் தூக்கிப் போவதற்குள் வயிறு வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டார்.

பார்க்கப் போனேன். அவர் மனைவி என்னைத் திட்டியிருக்கலாம். சாயா போட்டுத் தந்தார்.

"சிஸ்டரு லீவா சாரே? எப்ப வருவாவ?"

நான் சாயாவைக் குடித்தேன்.

அந்த வாரமே உங்கள் ஆண்டறிக்கை தபாலில் வந்தது. பளபளப்பான தாள். உள்ளே அவர் படம், எப்போதோ நாங்கள் அனுப்பியது. கீழே 'தற்சார்பு அடைந்தவர்' என்று போட்டிருக்கிறது.

அடுத்த மாதம் ஆண்டு விழா என்று அழைப்பும் வைத்திருக்கிறீர்கள். வருவேன். எனக்குத் தனியாக மெயில் வேண்டாம், போனில் சமாதானமும் வேண்டாம். அந்த மேடையில், மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: இந்த மனிதருக்கு அடுத்த டியூபை யார் மாற்றுவது?